மாணவர் ஃபுளூட்டிலிருந்து அடுத்தது எது? ஓப்பன் ஹோலா, வெள்ளி உடலா, வெறும் ஹெட் ஜாயின்டா?

அரைமூச்சு எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூங்கில் குழல் பற்றிய கேள்வி இல்லை. கீகளோடு வரும் உலோக ஃபுளூட் பற்றியது.

நாலரை வருடமாக யமஹா 200 வரிசை ஃபுளூட் ஒன்றை வாசிக்கிறேன். க்ளோஸ்டு ஹோல் (கீகளில் துளை இல்லை), ஆஃப்செட் ஜி (ஜி சுரத்தின் கீ மற்ற கீகளின் வரிசையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும்), சி ஃபுட் (கீழ் சி வரை போகும் அடிப்பகுதி). நான் வாங்கும்போதே அது இன்னொருவர் வாசித்து முடித்த கருவி. பெரியவனான பிறகு கற்க ஆரம்பித்தவன் நான், தொழில்முறைக் கலைஞனாகும் எண்ணமெல்லாம் கிடையாது, ஆனால் தினமும் ஒரு மணி நேரமாவது வாசிக்காமல் விடுவதில்லை. போன மாதம் ஆசிரியர் "இனி உங்கள் ஃபுளூட் உங்களைப் பிடித்து இழுக்கிறது, மாற்றும் நேரம் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டார். எதற்கு மாற்றுவது என்று கேட்டால் "வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்கிறார். அங்கேதான் தலை சுற்றுகிறது.

எனக்கு இருக்கும் தொல்லைகள்: கீழ் சி வந்தால் வரும், வராவிட்டால் காற்றுதான் வரும். மூன்றாம் ஸ்தாயி ஈ பாதி நேரம் உடைந்து கீழே விழுகிறது. மெதுவாக வாசிக்கப் போனால் சுருதி இறங்குகிறது, சத்தமாக ஊதினால் ஏறுகிறது.

மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, உடலை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல வெள்ளி ஹெட் ஜாயின்ட் (ஊதும் துளை இருக்கும் தலைப்பகுதி) மட்டும் வாங்குவது. இரண்டு, வெள்ளி ஹெட், வெள்ளி உடல், ஓப்பன் ஹோல் (கீகளில் துளை இருக்கும்), பி ஃபுட் (சிக்கும் கீழே பி வரை போகும் அடிப்பகுதி) என்று எல்லாம் உள்ள நடுத்தர ஃபுளூட். மூன்று, இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுத்து ஒரேயடியாகக் கைவினை ஃபுளூட்டுக்கே போவது. லிப் பிளேட்டில் (உதடு வைக்கும் தகடு) தங்க முலாம் பூசிய ஒன்றைப் பார்த்து மனசு கொஞ்சம் ஆடியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதில் எது உண்மையிலேயே வித்தியாசம் தரும், எது பார்க்க மட்டும் அழகு?

பேட்மாற்றி எழுதியது:

ஃபுளூட் பழுது பார்ப்பது என் வேலை, அதனால் என் பதில் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும்: வாங்குவதற்கு முன் இருக்கும் ஃபுளூட்டை ஒருமுறை சரியாகச் சர்வீஸ் செய்யுங்கள். நீங்கள் சொல்லும் முதல் தொல்லை எனக்கு ஃபுளூட்டின் தரமாகவே தெரியவில்லை, கசிவாகத் தெரிகிறது. கீழ் சி வாசிக்கும்போது மேலிருந்து கீழ் வரை துளைகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். எங்கோ மேலே ஒரு பேட் (கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை) மயிரிழை அளவு அமராமல் இருந்தாலும் அதன் வலி கடைசியில் சியில்தான் தெரியும், அதனால் எல்லோரும் ஃபுட் ஜாயின்டையே சந்தேகப்படுவார்கள்.

சோதிப்பது பெரிய வித்தை இல்லை. சிகரெட் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, பேடுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, கீயை மிக லேசாக மூடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் பிடித்து எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கசிகிறது. நாங்கள் வைத்திருக்கும் தாள் 0.025 மில்லிமீட்டருக்குப் பக்கம், அந்த அளவு இடைவெளியே கீழ்ச் சுரங்களைக் கெடுக்கப் போதும். கசிகிறது என்று தெரிந்தால் நீங்களாகக் கீயை வளைத்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள், டெக்னீஷியனிடம் கொடுங்கள். விரலால் அழுத்திப் பிடித்தால் சி வருகிறதே என்பார்கள் பலர். அப்படி வருவதுதான் நோயின் அறிகுறி. வருடக்கணக்கில் அப்படி அழுத்தி வாசித்துப் பழகிய கை நல்ல ஃபுளூட் வந்த பிறகும் அழுத்திக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் ஹெட் ஜாயின்டுக்குள் இருக்கும் தக்கை. துடைக்கும் கோலின் ஒரு முனையில் கோடு இருக்குமே, அதை உள்ளே விட்டால் ஊதும் துளையின் நட்டநடுவில் அந்தக் கோடு தெரிய வேண்டும். துளையின் மையத்திலிருந்து தக்கை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். முனையில் இருக்கும் மூடியைச் சும்மா திருகி விளையாடுபவர்கள் தெரியாமலே இதை நகர்த்திவிடுவார்கள், உடனே ஸ்தாயிகளுக்கு நடுவே சுருதி ஒத்துப்போகாது. விற்றுவிட்டு வேறு வாங்கப் போகிறேன் என்று என்னிடம் ஒருவர் கொண்டுவந்த ஃபுளூட்டில் தக்கை காய்ந்து சுருங்கி, தள்ளினால் ஓடுகிற நிலைமையில் இருந்தது. தக்கையை மாற்றி நாலு பேடைச் சரியாக உட்கார வைத்தேன். அவர் இன்னும் அதைத்தான் வாசிக்கிறார்.

மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கசியும் ஃபுளூட்டோடு எதை ஒப்பிட்டாலும் புதியது தேவலோகத்திலிருந்து வந்தது போலத்தான் இருக்கும். அதில் ஏமாந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

மேலே சொன்னது முழுக்க சரி. நான் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், மாணவர்களோடு ஃபுளூட் தேர்வு செய்யப் போவது எனக்குப் பழகிய வேலை.

முதலில் உலோகம், ஏனென்றால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதான். உங்கள் 200 வரிசை நிக்கல் சில்வர் மேல் வெள்ளி முலாம். நிக்கல் சில்வர் என்று பெயர்தான், அதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். 300 வரிசையில் ஹெட் ஜாயின்ட் மட்டும் 92.5 சதவீத வெள்ளி, 400 வரிசையில் உடலும் ஃபுட்டும் கூட. படி ஏற ஏற வெள்ளி கூடுவதால் ஒலி வெள்ளியிலிருந்து வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் உள்ளளவு ஒன்றாக இருக்கும் குழல்களைச் செய்து, பார்க்க முடியாதபடி வாசிக்க வைத்தார். கேட்டவர்களாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை. 2001இல் வியன்னாவில் வெள்ளியிலிருந்து தங்கம், பிளாட்டினம் வரை ஒரே மாதிரிக் ஃபுளூட்டுகளை வைத்துச் செய்த ஆய்வும் இதே கதைதான். குழாய்ச் சுவர்த் தடிமன் 0.38 மில்லிமீட்டரா 0.41ஆ என்று ஆட்கள் சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அப்படியானால் விலை கூடக் கூட ஏன் நன்றாக ஒலிக்கிறது? அதிக வெள்ளி போடும் ஃபுளூட்டில்தான் அதிக நேரமும் போடுகிறார்கள். ஊதும் துளையின் விளிம்பு, அதன் எதிர்ச்சுவரின் சரிவு, லிப் பிளேட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் சிறு புகைபோக்கியின் உயரம், இவற்றைக் கையால் சீவிச் சீவிச் சரிசெய்கிறார்கள். 1847இல், நவீன ஃபுளூட்டை வடிவமைத்த தியோபால்ட் போம் உடலை நேரான உருளையாக்கி ஹெட் ஜாயின்டை மட்டும் மேலே போகப் போகக் குறுக வைத்தார், உடலின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் என்றால் தக்கை பக்கம் 17தான். இன்றும் ஃபுளூட்டின் குணம் பெரும்பாலும் அந்தக் குறுகலிலும் அந்தத் துளையிலும்தான் இருக்கிறது. அசுமி என்ற பிராண்ட் ஃபுளூட்டுகளில் ஆல்டஸ் என்ற கைவினைத் தயாரிப்பாளரின் ஹெட் ஜாயின்ட் வைப்பதும் இதனால்தான்: எங்கே கைவேலை வேண்டுமோ அங்கே வைத்து, மற்றதில் செலவைக் குறைக்கிறார்கள். தங்க முலாம் பூசிய லிப் பிளேட் பற்றிக் கேட்டீர்கள். வெள்ளி பட்டால் தோல் அரிக்கும் சிலருக்கு அது நிஜமாகவே உதவும். உங்களுக்கு அரிக்கவில்லை என்றால் அழகுக்குத்தான், அழகுக்கு வாங்குவதும் குற்றமில்லை.

உங்கள் மூன்றாம் ஸ்தாயி ஈ விஷயத்துக்கு வருகிறேன், அது சர்வீஸில் முழுதாகப் போகாது. அந்த ஈ சுத்தமாக வர ஜி பக்கம் ஒரு துளை மட்டும் திறந்திருந்தால் போதும், ஆனால் சாதாரண அமைப்பில் இரண்டு சேர்ந்தே திறக்கின்றன. ஸ்பிளிட் ஈ என்ற அமைப்பு கீழே இருப்பதைத் தனியாக மூடிவிடும். இது வேண்டுமென்றால் வாங்கும்போதே இருக்க வேண்டும், பின்னால் சேர்ப்பது நடைமுறையில் இல்லை. இல்லாத ஃபுளூட் பிடித்துப்போனால் கீழ் ஜி துளைக்குள் ஒரு சிறு வளையம் வைத்துத் துளையைக் குறுக்கலாம், பாதி பலன் கிடைக்கும். ஸ்பிளிட் ஈ வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்பவர்கள் உண்டு, கற்கும்போது அந்தப் பிடிவாதம் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஓப்பன் ஹோல் என்றால் ஏ, ஜி, எஃப், ஈ, டி என்று விரல் நேரே படும் ஐந்து கீகளில் துளை. நவீன இசையில் கால் சுரம், வழுக்கல், ஒரே நேரத்தில் இரண்டு ஒலி எல்லாம் வாசிக்க வேண்டுமானால் தேவை, விரல் ஒழுங்காக நடுவில் விழுகிறதா என்பதையும் அது ஈவு இரக்கமில்லாமல் காட்டிக்கொடுக்கும். ஒலி அதனால் உயர்கிறது என்று சொல்ல மாட்டேன். நடுத்தர ஃபுளூட்டுகளில் நிறைய ஓப்பன் ஹோலாகவே வருவதால் துளைகளில் பிளக் (சிறு அடைப்பான்) வைத்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். பி ஃபுட்? கீழ் பி கேட்கும் இசையை நீங்கள் வருடத்துக்கு எத்தனை முறை வாசிப்பீர்கள் என்று யோசியுங்கள். அடியில் எடையும் நீளமும் கூடும், ஃபுளூட் வலது பக்கம் சாயும். பி ஃபுட் போட்டால் கீழ்ஸ்தாயிக்கு அடர்த்தி வருகிறது என்று சிலர் ஆணையிடுவார்கள், ஒன்றிரண்டு ஃபுளூட்டில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் அதற்காக மட்டும் காசு கொடுக்க மாட்டேன்.

இரண்டாவதுவாங்கியவர் எழுதியது:

நான் செய்த தப்பைச் சொல்கிறேன், உபயோகப்படும். கடைக்குள் போய்ப் பத்தே நிமிடத்தில் வாங்கினேன். பளபளவென்று இன்லைன் ஜி, பி ஃபுட், நான் ஊதியதும் அறை முழுக்க ஒலி. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த அறையில் எதை ஊதினாலும் அப்படித்தான் ஒலிக்கும் என்று. எனக்குக் கை சிறியது. இன்லைனில் ஜி கீ மற்றவற்றோடு ஒரே வரிசையில் இருப்பதால் இடது மோதிர விரலை எட்டி வைக்க வேண்டியிருந்தது, ஓப்பன் ஹோல் என்பதால் அந்த விரல் துளையையும் முழுதாக மூட வேண்டும், இரண்டும் சேர்ந்து மூன்று மாதத்தில் மணிக்கட்டு வலி. ஒன்றரை வருடம் சமாளித்துவிட்டு நஷ்டத்துக்கு விற்றேன். ஆஃப்செட் என்றால் மாணவர்க் கருவி என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்த வினை. நல்ல கைவினை ஃபுளூட்டுகளே ஆஃப்செட்டில் வருகின்றன.

இரண்டாம் முறை இப்படிச் செய்தேன். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் எடுக்கவில்லை, நாலாவதுக்கு மேல் உதடு பொய் சொல்ல ஆரம்பிக்கும். என் பழைய ஃபுளூட்டையும் கையோடு கொண்டுபோனேன், ஏனென்றால் அந்த அறையில் அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றதை எடைபோட முடியும். ஒரு நண்பரை ஏழெட்டு அடி தள்ளி முதுகு காட்டி உட்கார வைத்தேன், எது எது என்று சொல்லவில்லை. அவர் பக்கத்திலேயே போனில் பதிவும் செய்தேன். வாசித்தது பாட்டு இல்லை, நீண்ட சுரங்கள்தான்: கீழ் சியை மெல்லத் தொடங்கிப் பெருக்கி மறுபடி அடக்குவது, நடு ஸ்தாயி சி ஷார்ப் (அதில் கிட்டத்தட்ட எல்லாத் துளையும் திறந்திருப்பதால் சுருதி மறைக்கவே முடியாது), மேல் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப்பை முன்னேற்பாடு இல்லாமல் மெதுவாகத் தொடுவது. சத்தமாக எல்லா ஃபுளூட்டும் நன்றாகத்தான் ஒலிக்கும். மெதுவாக வாசிக்கும்போதுதான் அதன் ஜாதகம் தெரியும்.

ட்யூனரையும் (சுருதி காட்டும் கருவி) பாருங்கள், ஆனால் கவனமாக. பல ஃபுளூட்டுகள் ஏ 442க்கு (ஏ சுரம் நொடிக்கு 442 அதிர்வு) செய்யப்பட்டவை. நீங்கள் 440க்கு வாசிக்கும் குழுவில் இருந்தால் ஹெட் ஜாயின்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ள வேண்டும், அதனால் ஃபுளூட் தப்பு என்று ஆகிவிடாது. முதல் நாள் எந்தப் புது ஃபுளூட்டிலும் உங்கள் பழைய உதட்டுப் பழக்கத்தோடுதான் ஊதுவீர்கள், அதனால் ஒரு வாரமாவது வீட்டில் வைத்துப் பார்க்கத் தருபவர்களிடம் மட்டும் வாங்குங்கள்.

அரைமூச்சு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சர்வீஸ் கொடுத்து வாங்கிவிட்டேன். பேட்மாற்றி சொன்னது அப்படியே பலித்தது, ஏ கீயிலும் வலது பக்கம் ஒன்றிலும் கசிவு, தக்கையும் 3 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. கீழ் சி இப்போது கூப்பிட்டால் வருகிறது, கொஞ்சம் அவமானமாகவே இருக்கிறது. மேல் ஈ கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனால் மெதுவாக வாசிக்கும்போது சுருதி இறங்குவது மாறவில்லை. அது என் உதடா ஃபுளூட்டா தெரியவில்லை.

இப்போது ஹெட் ஜாயின்ட் மட்டும் வாங்குவது இன்னும் கவர்ச்சியாகத் தெரிகிறது. உடல் நன்றாகிவிட்டதே?

கீழ்ஸ்தாயி எழுதியது:

உதடு பாதி, ஃபுளூட் பாதி என்றுதான் சொல்வேன். ஹெட் ஜாயின்ட் மட்டும் மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும், அதை மறுக்க முடியாது. ஆனால் நல்ல ஹெட் ஜாயின்ட் ஒன்றுக்கு நீங்கள் கொடுக்கும் தொகையில் ஸ்பிளிட் ஈயோடு ஒரு பழைய நடுத்தர ஃபுளூட்டே கிடைக்கக்கூடும். மாணவர் ஃபுளூட்டின் கீகளில் வருடங்கள் போகப் போக ஆட்டம் வரும், எவ்வளவு நல்ல தலை வைத்தாலும் அது மாறாது. என் ஓட்டு முழு ஃபுளூட்டுக்கு.

பேட்மாற்றி எழுதியது:

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். இவருடைய யமஹா உடல் இப்போதுதான் சரிசெய்யப்பட்டிருக்கிறது, அந்த 200 வரிசையின் கீ வேலைப்பாட்டை நான் இருபது வருடம் ஆனவற்றிலும் உறுதியாகப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்துப் பெரிய ஃபுளூட்டுக்குப் போவது உறுதியென்றால் இப்போது ஹெட் ஜாயின்ட் வாங்குவது பைத்தியக்காரத்தனம் இல்லை.

ஆனால் அது உடலில் பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறு தயாரிப்பாளரின் ஹெட் ஜாயின்ட் உங்கள் குழாயில் இறுக்கமாக இருக்கலாம், தொளதொளவென்றும் இருக்கலாம். இரண்டையும் டெக்னீஷியன் தன் கருவியால் சரிசெய்வார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கிரீஸ் தடவியவர்களையும். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். பொருந்தினாலும் சுருதி முழு ஸ்தாயியிலும் நிற்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பழைய ஃபுளூட் வாங்கும் யோசனைக்கு ஒரு எச்சரிக்கை: பேட் எல்லாம் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், மலிவு மறைந்துவிடும். உயர்ந்த ஃபுளூட்டுகளில் சிலவற்றில் கம்பளிக்குப் பதில் தட்டையான கடின பேடுகள் இருக்கும், அவை கசிவைக் கொஞ்சமும் மன்னிக்காது, எல்லா டெக்னீஷியனுக்கும் அவை பழக்கமும் இல்லை.

அரைமூச்சு எழுதியது:

ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறேன். இரண்டு ஹெட் ஜாயின்டும் இரண்டு முழு ஃபுளூட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆசிரியரைத் திரும்பி உட்காரச் சொல்லி வாசித்தேன். "இதுதான் வெள்ளி உடல்" என்று அவர் அடித்துச் சொன்னது என் பழைய யமஹாவில் வேறு ஹெட் ஜாயின்ட் வைத்து வாசித்ததை. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதோடு கோல்ட்மனை நம்பிவிட்டேன்.

ஆனாலும் கடைசியில் எடுத்தது முழு ஃபுளூட்தான், காரணம் ஒலி இல்லை, அந்த ஸ்பிளிட் ஈ. வேகமாகப் போகும் இடத்தில் மேல் ஈயைப் பற்றி யோசிக்காமல் வாசிக்க முடிவது எவ்வளவு நிம்மதி என்று இப்போதுதான் தெரிகிறது. வெள்ளி ஹெட், முலாம் பூசிய உடல், ஆஃப்செட் ஜி, சி ஃபுட், ஓப்பன் ஹோல். பழையது, ஆனால் பேட் மாற்றி ஒரு வருடம்தான் ஆகிறது, தாள் வைத்தும் பார்த்துவிட்டேன். தங்க லிப் பிளேட் கிடைக்கவில்லை, கொஞ்சம் வருத்தம்தான்.

ஐந்து துளையிலும் பிளக் இருக்கிறது. எதை முதலில் எடுப்பது?

இரண்டாவதுவாங்கியவர் எழுதியது:

வாழ்த்துகள். வலது கை எஃப்பிலிருந்து தொடங்குங்கள், அது விரல் தானாகவே நடுவில் விழும் இடம். இரண்டு வாரம் கழித்து ஈ, பிறகு இடது கை ஏ. வலது டி கொஞ்சம் படுத்தும், மோதிர விரல் குட்டையாக இருந்தால் இன்னும் படுத்தும், அவசரப்படாதீர்கள். ஜி கடைசி. அந்தப் பிளக்கை நான் இன்னும் எடுக்கவே இல்லை.